இதிஹாஸ் என்றால் இதிகாசம் இல்லை

என் மகள் பியூலாவின் பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தை எடைக்குப் போட்டவள் நான்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. பெற்ற தாய் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையே என்னிடம் கேட்டுக்கொண்டு மூன்று நாள் அழுதேன். அந்த மூன்று நாளில் கர்த்தர் எனக்கு என்ன செய்தார் என்பதை என் சபையார் எல்லாரும் அறிய வேண்டும் என்றுதான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நாங்கள் தாராவியில் இருக்கிறோம். சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். என் வீட்டுக்காரருக்கு பேக் தைக்கிற கார்கானாவில் வேலை. எனக்கு மாட்டுங்காவில் இரண்டு வீட்டில் சமையல். இரண்டுமே தமிழ் வீடு. அதனால் பதினைந்து வருடமாகியும் என் இந்தி காய்கறிக்கடையைத் தாண்டவில்லை. பியூலா படிப்பது இந்தி மீடியம். வீட்டில் பேசுகிற தமிழ்தான் அவளுக்குத் தெரியும்.

சென்ற ஜனவரியில் பிரிலிம் தேர்வு முடிந்ததும் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து, "பியூலா இதிஹாஸ் மே ஃபெயில் ஹை" என்றார். 'இதிகாசம்', 'ஃபெயில்', இந்த இரண்டும்தான் எனக்குப் புரிந்தது. புரட்டினேன். உள்ளே குகைக்கோயில் படங்கள், சிலைகள். ராமாயணமும் மகாபாரதமும் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். டீச்சரிடம் இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவள் என்ற நினைப்பு. விசுவாசி வீட்டுப் பிள்ளைக்கு இது எதற்கு என்ற வீம்பு வேறு.

வீட்டுக்கு வந்து, "ஏட்டி, இந்த இதிகாசத்த விட்டுரு. வரலாறு மட்டும் ஒழுங்காப் படி, போதும்" என்றேன்.

அவளுக்கு அந்தப் பாடம் வேப்பங்காய். சட்டென்று தலையாட்டினாள். மறுநாளிலிருந்து மேப்பை விரித்து வைத்துக்கொண்டு படித்தாள். கங்கை, கோதாவரி, எங்கேயோ இருக்கிற அமேசான் வரைக்கும் ஒப்பித்தாள். பிள்ளைக்கு வரலாறு நன்றாக ஏறுகிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் தவறாமல் விண்ணப்பம் வைத்தேன். "ஆண்டவரே, வரலாற்றில் பாஸாக்கும். இதிகாசத்துக்கு இவளை விலக்கிக் காரும்." பிப்ரவரியில் எடைக்கு எடுக்கிற ரத்திக்காரர் வந்தபோது பழைய பேப்பரோடு அந்தப் புத்தகத்தையும் தூக்கிப் போட்டேன்.

மார்ச் மாதம் தேர்வு தொடங்கியது. மொழித் தாள்கள், கணக்கு, அறிவியல் எல்லாம் முடிந்தன. அடுத்த தாளுக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் அக்கா கேட்டார்கள். அவர்கள் மகள் செல்வியும் பியூலாவும் ஒரே வகுப்பு.

"செல்வி இந்த இதிஹாஸுக்குத்தான் பயப்படுதா. பியூலா முடிச்சிட்டாளா?"

"அவ அதைப் படிக்கவே வேண்டாம்னுட்டேன்க்கா. புஸ்தகத்தையும் ரத்தியில போட்டாச்சு. இதிகாசம் நமக்கு எதுக்கு?"

அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஏட்டி கிறுக்கி! இதிஹாஸ்னா வரலாறுட்டி!"

என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். "வரலாறு படிச்சியா இல்லியா? காட்டுட்டி!" என்று பியூலாவை உலுக்கினேன். அவள் மேப் இருக்கிற புத்தகத்தை நீட்டினாள்.

"இது என்னது?"

"பூகோள். நீதானம்மா வரலாறு படின்ன. வரலாறுன்னா ஆறு, மலை எல்லாம் வரும்ல? பேருலயே ஆறு இருக்கே."

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். "அப்போ இதிஹாஸ் பரீட்சைக்கு என்னட்டி பண்ணலாம்னு இருந்த?" என்றேன். "நீ விடச் சொன்னியே. போயி என்னத்தையாவது எழுதிட்டு வரலாம்னு இருந்தேன்" என்றாள். இங்கே பதினொன்றாம் வகுப்பே காலேஜில்தான். இந்தத் தேர்வில் தவறினால் அங்கே இடம் கிடைக்காது. ஒரு வருடம் போகும். ஒரு வருடம் வீட்டில் இருந்த எங்கள் சந்துப் பெண்கள் யாரும் திரும்பப் படிக்கப் போனதில்லை. பியூலாவும் கார்கானாவில் ஜிப் தைக்க உட்காருவாள். அதற்குக் காரணம் நானாக இருப்பேன்.

ரத்திக் கடைக்கு ஓடினேன். எப்போதோ லாரி ஏறிவிட்டது என்றார்கள். அந்தப் பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவிலேயே நின்று ஜெபித்தேன். வழக்கமாக எனக்கு ஜெபம் அருவி மாதிரி வரும். அன்று வாயில் வந்தது ஒன்றுதான். "இயேசப்பா, நான் கெடுத்துட்டேன். நீர் பாத்துக்கும்."

திரும்பி வந்தால், என் வாசலில் இசக்கியம்மாள் அக்கா நிற்கிறார்கள். பக்கத்தில் செல்வி, அவள் கையில் அந்தப் புத்தகம்.

"நீ உன் சாமியக் கும்பிடு, நான் என் சாமியக் கும்பிடுதேன். பிள்ளைய ரெண்டும் ஒண்ணா உக்காந்து படிக்கட்டும்" என்றார்கள். எந்த வீட்டுச் சமாச்சாரம் என்று நினைத்து நான் புத்தகத்தைத் தூக்கி எறிந்தேனோ, அந்த வீட்டிலிருந்தே புத்தகம் வந்து நின்றது. எனக்குச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. பியூலா படித்தாள், மறந்தாள், அழுதாள். "மண்டையில நிக்க மாட்டேங்குதும்மா." இரண்டாம் நாள் எனக்கு உட்கார்ந்திருக்க முடியாமல், "நீ வாசிக்கியே, அது என்னன்னு எனக்குச் சொல்லு. நான்தான் மக்குல்லா" என்றேன். செல்வி இந்தியில் வாசிக்க, பியூலா எனக்குத் தமிழில் சொன்னாள். புரியாத இடத்தில் எல்லாம் "அப்படின்னா?" என்று கேட்டேன். எனக்கு எல்லாமே புரியாத இடம்தான்! எனக்குப் புரியவைக்க அவள் திண்டாடித் திண்டாடி, பாடம் அவளுக்குள் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முழுப் பாடத்தையும் அவளே சொன்னாள். என் இந்தியின் வறுமையைக்கூட கர்த்தர் வீணாக விடவில்லை.

தேர்வன்று பட்டினியாக வெளியே நின்றேன். மணி அடித்தது. பியூலா வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்கப் பயந்து, அவள் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். தெரு முனை வந்ததும், "எழுதும்போதெல்லாம் நீ அப்படின்னா, அப்படின்னான்னு கேக்குற மாதிரியே இருந்துச்சும்மா. பக்கம் பக்கமா எழுதிட்டேன்" என்றாள். நடுரோட்டில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், அடிக்கட்டும்.

பாஸாகிவிட்டாள். செல்வியும்தான். இருவரும் இப்போது ஒரே காலேஜில் பதினொன்று. தேர்வு எழுதி வந்த அன்றே மகளிடம் மன்னிப்பு கேட்டேன். இப்போது பியூலாவிடம் இந்தி எழுத்து படிக்கிறேன். இன்னொரு வீட்டு நம்பிக்கையைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிற பழக்கத்தையும் விட்டுவிட்டேன்.

பிரியமானவர்களே, ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரே ஜெபத்தில், அந்தப் பாடத்தில் பாஸாக்கும் என்றும் கேட்டேன், அதே பாடத்துக்கு விலக்கிக் காரும் என்றும் கேட்டேன். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். சரியாக ஜெபிக்க வரவில்லையே என்று தயங்குகிறவர்கள் தைரியமாகக் கேளுங்கள். நமக்குத் தேவையானதை அவர் தருவார். கேட்டது தப்பாக இருந்தால், தராமலும் இருப்பார். அவர் தராமல் விட்ட அந்தப் பாதிக்காகத்தான் நான் தினமும் அதிகமாக நன்றி சொல்கிறேன்.