பெரியப்பா போட்ட சுருள் ஸ்பிரிங்

ஒரு வண்டியின் அமைப்பை மாற்றினால் முன்கூட்டியே விண்ணப்பித்து, ஒப்புதல் பெற்று, பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அந்த விண்ணப்பங்களுக்கு நடுவிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால் சொல்கிறேன். எங்கள் பெரியப்பா காரின் முன்பக்க ஸ்பிரிங்கை மாற்றியபோது யாருக்கும் விண்ணப்பிக்கவில்லை. காரணத்தை வீட்டுக்கே சொல்லாதவர் சர்க்காருக்கா சொல்லப்போகிறார்?

ஸ்ரீரங்கத்தில் ஒரே வீட்டின் முன்கட்டில் பெரியப்பாவும் பெரியம்மாவும், பின்கட்டில் நாங்களும் இருந்தோம். யுத்தத்துக்கு முந்திய கார் ஒன்றை ஏலத்தில் எடுத்துக் கொட்டகையில் நிறுத்தி, பாலக்கரையிலிருந்து ஒரு மிஸ்திரியை வரவழைத்து, வேறு எஞ்சின், வேறு இருக்கை என்று அதற்கு மறுபிறவி கொடுத்துக்கொண்டிருந்தார் பெரியப்பா. முன்பக்கம் வந்ததும் வேலை நின்றுவிட்டது.

பழைய ஏற்பாடு ஒரே இரும்பு அச்சும் இருபுறமும் பட்டை ஸ்பிரிங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து சாயும். கூட்டுக் குடும்பம் மாதிரி. விபத்தில் நொறுங்கிய ஒரு புதுக்காரிலிருந்து கழற்றிய சுருள் ஸ்பிரிங் ஜோடி ஒன்றும் மிஸ்திரியிடம் இருந்தது. அதில் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். ஆனால் காரின் அடிச்சட்டத்தை அறுத்து ஒட்ட வேண்டும்.

"சுமை ஏத்தணும்னா பட்டையே போதும்ங்க," என்றார் மிஸ்திரி. "அலுங்காமப் போகணும்னாதான் சுருள். அப்படி என்னங்க ஏத்தப் போறீங்க?"

பெரியப்பா பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அப்பா அந்த மௌனத்தை அப்படியே பின்கட்டுக்கு எடுத்து வந்தார்.

பதில் பெரியம்மாவின் வயிற்றில் இருந்தது. முன்பு இருமுறை தங்காமல் போன கரு. இந்தத் தடவை அலுங்கக் கூடாது, பஸ்ஸும் குதிரை வண்டியும் ஆகாது, ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கண் பட்டுவிடும் என்று ஐந்தாம் மாதம் வளையல் போடும்வரை வெளியே மூச்சு விடுவதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் அம்மாவை யாரும் கேட்கவில்லை.

அப்பா கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். சாராயம் கடத்துகிறவனின் தம்பி என்று பெயர் வந்தால் வேலை போகும். புட்டி உடையாமல் இருக்கத்தான் சுருள் ஸ்பிரிங் என்று அவர் முடிவு கட்டினார். பெரியப்பா செய்த சோதனையும் அதற்கு ஒத்தாசை செய்தது. பின் இருக்கையில் தளும்பத் தளும்ப ஒரு குடம் தண்ணீரை வைத்து, அதைப் பிடித்துக்கொள்ள என்னையும் ஏற்றிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவார். பட்டை ஸ்பிரிங் இருந்தபோது பாதிக் குடம் என் பாவாடையில் இருந்தது. சுருள் போட்ட பிறகு கொஞ்சம்தான் சிந்தியது. வீடு திரும்பினால் அப்பா என் பாவாடை நுனியை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். தண்ணீர் வாசனைதான் வந்தது. ஒத்திகைக்குத் தண்ணீரைத்தானே வைப்பான் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அந்த வாரமே அப்பா காவிரிப் பாலத்தில் நின்ற ஏட்டய்யாவிடம் ஏதோ தணிந்த குரலில் பேசுவதைப் பள்ளிவிட்டு வரும்போது பார்த்தேன்.

ஒரு மத்தியானம் பெரியம்மாவுக்கு வலி கண்டது. அவரைப் பின் இருக்கையில் சாய்த்து, தலையை அம்மா மடியில் தாங்கிக்கொண்டாள். நான் முன்னால். புது ஸ்பிரிங் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. பாலத்தில் ஏறியதே தெரியவில்லை. அங்கே கை காட்டி நிறுத்தினார்கள். ஒரு கான்ஸ்டபிள் பெரியப்பாவை இறங்கச் சொல்லி, பின்பெட்டியையும் பானெட்டையும் திறக்க வைத்தார். பெரியம்மா முனகினார். பெரியப்பா கெஞ்சினார். காரணத்தை மட்டும் அப்போதும் சொல்லவில்லை.

அம்மாதான் ஏட்டய்யாவைக் கூப்பிட்டாள். பாலத்தில் போவோர் வருவோர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எங்க அக்கா வயித்துல புள்ள இருக்கு. அதைத்தான் கடத்திக்கிட்டுப் போறோம். வழிய விடுங்க."

ஏட்டய்யாவின் முகம் சுருங்கிவிட்டது. ஜன்னலருகே குனிந்து மெதுவாக, "நான் என்னம்மா பண்ணுவேன். உங்க வீட்டுக்காரரே வந்து சொன்னாருங்க," என்றார். பானெட்டை மூடிக்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு அது கேட்கவில்லை. அம்மா கண்ணாடியை ஏற்றினாள்.

கரு தங்கியது. மூன்று மாதம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மட்டும் சொன்னார்கள். சாயங்காலம் அப்பா ஆபீசிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, பெரியப்பா வராந்தாவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூடப் பொறந்தவன்கிட்டயே மறைச்சுட்டேன்டா. மனசுல வச்சுக்காத."

 "பரவாயில்லண்ணே," என்றார் அப்பா.

அம்மா எழுந்து, பெரியம்மாவுக்கு வெந்நீர் வாங்கப் போய்விட்டாள். அப்பாவுக்குத்தான் எவ்வளவு பெரிய மனது என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.