நிசாவின் பெயரில் நான்கு டெராபைட்

என் மனைவி நூருன்னிசா கல்யாண வீட்டுக்குப் போனாலும் குடையோடுதான் போவாள். கைப்பையில் இன்னொரு குடையும் இருக்கும். கேட்டால், முதல் குடை தொலைந்துபோனால் என்ன செய்வதாம். ஆளைப் புரிந்துகொள்ள இது போதும்.

இருபத்திரண்டு வருஷமாக ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சர்வர்களின் சேமிப்பிடம் முழுவதும் அவள் பொறுப்பு. எந்தப் பிரிவுக்கு எவ்வளவு இடம், எது நிரம்பப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் டன்லப் தெருவில் கேட்டரிங் நடத்துகிறவன். எனக்குக் கம்ப்யூட்டர் ஓடாது. ஆனால் இத்தனை வருஷம் சாப்பாட்டு மேசையில் பாடம் கேட்டவனுக்கு அரைகுறையாகவாவது விளங்காதா?

பழைய முறையில் ஒரு பிரிவு பத்து டெராபைட் இடம் கேட்டால் பத்தையும் அப்படியே ஒதுக்கிக் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் இரண்டை மட்டும் நிரப்பினாலும் மிச்சம் எட்டை வேறு யாரும் தொட முடியாது. உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து மேசை பிடிப்போமே, அந்தக் கதைதான். புதிய முறைக்குப் பெயர் தின் ப்ரொவிஷனிங். பத்து என்று கணக்கில் காட்டுவார்கள், ஆனால் கோப்புகள் சேரச் சேரத்தான் இடம் போகும். மிச்சம் எல்லாருக்கும் பொது.

"இதைத்தானே நான் முப்பது வருஷமா செய்றேன்? எண்ணூறு பேருக்குப் பத்திரிகை வெச்சாலும் அறுநூறு பேருக்குத்தான் ஆக்குவேன். கூட்டத்தைப் பார்த்து அடுத்த தேக்சாவ அடுப்புல ஏத்துவேன்" என்றேன்.

"உங்க பிரியாணி தீர்ந்தா பக்கத்துக் கடையில வாங்கலாம் மச்சான். டிஸ்க் தீர்ந்தா யார்கிட்ட வாங்குறது?" என்று முறைத்தாள்.

போன ஆகஸ்டில் அந்தப் புதிய முறைக்கு அவளே மாற வேண்டியதாகிவிட்டது. துவாஸில் புதுக் கிடங்கு திறக்கிறார்கள், அதற்கு இடம் வேண்டும். புது டிஸ்க் வாங்க மாட்டோம், இருப்பதிலேயே கண்டுபிடி, முடியாவிட்டால் தீபாவளிக்குள் மொத்தத்தையும் வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிடுவோம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். கொடுத்துவிட்டால் நிசாவுக்கு அங்கே வேலை இல்லை. ஐம்பத்தொரு வயதில் வேறு எங்கே போய் நிற்பாள்?

மாற்றுவது அவளுக்குப் பெரிய வேலையில்லை. ஒவ்வொரு பிரிவும் இருபது நிமிஷம் வேலையை நிறுத்தச் சம்மதிக்க வேண்டும், அதுதான் நடக்கவில்லை. முதலில் முரண்டு பிடித்தவள் இழப்பீட்டுப் பிரிவின் தலைவி கண்மணி.

"நிசாக்கா, என் இடத்துல மட்டும் கை வெக்காதீங்க லா. அப்புறம் நான் கேட்டா கிடைக்குமா?"

மற்ற ஆறு பிரிவுகளும் கண்மணி கொடுக்கட்டும் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டன. ஊர் கூடினால்தானே தேர் நகரும்.

ஒரு நாள் சாயங்காலம் மேசையில் ஒரு பட்டியலை வைத்தாள். யார் எவ்வளவு வாங்கினார்கள், எவ்வளவு நிரப்பினார்கள் என்று வரிசையாக இருந்தது. கண்மணியிடம் எட்டு, நிரப்பியது ஒன்றரை. கடைசி வரியில் 'நிசா ரிசர்வ்' என்று நான்கு டெராபைட். நிரப்பியது ஒன்றுமே இல்லை.

"இது என்ன?"

"என்னோடதுதான்."

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் முக்கியமான டிஸ்க் ஒன்று நிரம்பிப்போய், லாரிகளெல்லாம் அஸர் தொழுகை நேரம் வரைக்கும் நின்றுவிட்டன. நிசா பிரிவு பிரிவாகப் போய்க் கொஞ்சம் இடம் விட்டுக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஒருவரும் கொடுக்கவில்லை. பழி மட்டும் அவள் தலையில் விழுந்தது. அடுத்த வாரமே யாருக்கும் சொல்லாமல் தன் பெயரில் நான்கு டெராபைட் ஒதுக்கிக்கொண்டாள்.

"இனிமே யார் முன்னாடியும் போய்க் கெஞ்சி நிக்கக் கூடாதுன்னுதான் மச்சான்."

அது நடந்தபோது அவள் இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதினோரு வருஷமாகக் குடையைக் கேலி செய்துகொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

"நாளைக்குக் கூட்டத்துல இந்த வரிய எடுத்துட்டுக் காட்டவா, வெச்சே காட்டவா?" என்று கேட்டாள்.

"எடுத்துடு லா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். நான் சொன்ன புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் இருந்த கூட்டத்தில் அந்த வரியைப் பட்டியலின் தலையிலேயே போட்டுக் காட்டியிருக்கிறாள். இத்தனை வருஷமாகவா என்று மேலாளர் சத்தம் போட்டாராம். ஏன் வைத்திருந்தாள் என்பதையும் மறைக்காமல் சொல்லி, சனிக்கிழமை காலை முதலில் அழியப் போவது தன்னுடையதுதான், யார் வேண்டுமானாலும் திரையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு எங்கள் தோ பாயோ வீட்டுக் கூடத்திலேயே மடிக்கணினியைத் திறந்தாள். அழிப்பதற்கு 'நிசா ரிசர்வ்' என்ற பெயரை முழுசாகத் தட்டச்சு செய்ய வேண்டுமாம். செய்தாள். விரல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிஸ்மில்லாஹ் சொல்லி அழுத்தினாள்.

பதினொரு மணிக்கு முதல் பிரிவின் சம்மதம் வந்தது. மதியத்துக்குள் ஆறு வந்துவிட்டன. ஒவ்வொன்றாக மாற்றினாள். பொது இடம் எழுபது சதவீதம் நிரம்பினாலே தன் போன் அலறும்படி ஏற்பாடும் செய்துவைத்தாள். மூன்று மணிக்கு மேலாளரே கூப்பிட்டு, துவாஸுக்கு இது போதும், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்த் தே தாரே டீ வாங்கி வந்தேன்.

நான்கு மணிக்குக் கண்மணி கூப்பிட்டாள். நிசா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நிசாக்கா, என்னோடதையும் எடுத்துக்குங்க. எழுதி அனுப்பிட்டேன்."

"சரிம்மா. தேங்க்ஸ்."

கண்மணி போனை வைக்கவில்லை.

"அக்கா, பதினோரு வருஷத்துக்கு முன்னாடி நீங்க முதல்ல என் டேபிளுக்குத்தான் வந்தீங்க. காலியா வெச்சுக்கிட்டே இல்லைன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அதனாலதான்கா இப்பவும் முரண்டு பிடிச்சேன். எனக்கு ஒருநாள் தேவைப்பட்டா நீங்க தரவே மாட்டீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

நிசாவின் கண் கலங்கிவிட்டது. குரல் மட்டும் ஆபீஸ் குரலாகவே இருந்தது.

"எவ்வளவு வேணும்னு மட்டும் சொல்லு கண்மணி. தர்றேன்."