பூச்சொரிய வந்த ஹெலி

கொழும்பில் இறங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போனேன். அங்குள்ள பலாலி விமான நிலையத்துக்குச் சிறிய விமானம் ஒன்றில் போகலாம் என்று சொன்னார்கள். வேண்டாம் என்றேன். கொழும்புவரை வந்ததே இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடிதான். இத்தனைக்கும் என்னுடைய தொழில் பறப்பதுதான். கனடாவில் விமானப்படையில் ஹெலிகொப்டர் ஓட்டுகிறேன். கடலிலும் பனிக்காட்டிலும் அகப்பட்டவர்களைத் தூக்கி வரும் மீட்பு வேலை.

பிறந்தது புத்தூரில். சிறு வயதிலேயே சித்தியோடு வெளிநாடு போய்விட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்த அக்கா கலியாணம் கட்டி ஊரிலேயே இருந்துவிட்டா. சண்டைக் காலத்தில் குண்டு போட பொம்மர் வந்தால் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாய்வது அக்காதான். ஒருநாள் குண்டு பக்கத்து வளவில் விழுந்தது. அன்றிலிருந்து அவவுக்கு இடது காது கேட்பதில்லை. நான் ஹெலிகொப்டர் ஓட்டப் படிக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது அக்கா, "சாப்பிட்டியே?" என்று கேட்டா. அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி எதுவுமே கேட்டதில்லை.

என்னுடைய பயம் ஊருக்கு வருவதற்கு முந்திய குளிர்காலத்தில் தொடங்கியது. பனி மூடிய ஒரு வெளியில் இறங்கிக்கொண்டிருந்தோம். தரையை நெருங்க நெருங்க மேலே சுற்றும் விசிறி பனித்தூளைக் கிளப்பியது. ஒரு கணத்தில் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. தரை இல்லை, மரம் இல்லை. நாங்கள் முன்னே போகிறோமா, பின்னே சரிகிறோமா என்று எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒருவர் உயரத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் கேட்டது, ஆனால் பொருள் ஏறவில்லை. பக்கத்திலிருந்த கப்டன் ஓட்டும் பிடியை என்னிடமிருந்து வாங்கி மேலே எழுப்பினார். தளத்துக்கு வந்து கோப்பி குடித்தோம். எல்லோருக்கும் ஒருநாள் இப்படி நடக்கும் என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த முறை ஏறும்போது கையுறைக்குள் வியர்வை ஓடியது. அதற்கடுத்த முறையும் ஓடியது.

எங்கள் விமானப்படைப் பிரிவான ஸ்குவாட்ரனில் களைப்பு என்று சொல்லலாம், வயிற்றுக்குத்து என்று சொல்லலாம். பயம் என்று யாரும் சொல்வதில்லை. மருத்துவரிடம் சொன்னால் அந்த நிமிடமே தரையில் நிறுத்திவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். திரும்ப ஏற்றுவார்களா என்பது யாருக்கும் தெரியாது. அதற்கிடையில், துணை விமானியாக இருந்த என்னிடம், கப்டன் பயிற்சியைத் தொடங்கலாமா என்று கட்டளை அதிகாரி கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று லீவு எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தேன்.

அத்தானுக்கு வெங்காயத் தோட்டம். மாலையில் வெங்காயம் பிடி கட்டியபடியே என்னைக் கேள்வி கேட்பார்.

"நீர் நினைச்ச இடத்துக்கு மாற்றம் கேக்கலாமோ? இல்லாட்டி அவை சொல்லுற இடத்துக்குப் போகத்தான் வேணுமோ?"

"கேக்கலாம் அத்தான். குடுக்கிறது அவையின்ரை விருப்பம்."

"கலியாணம் கட்டினா?"

"கட்டலாம். பிள்ளை வயித்திலை இருக்கேக்கை மட்டும் பறக்க விடமாட்டினம்."

"மேலை நிக்கேக்கை ஒண்டுக்கு வந்தா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்தக் கிழமை ஊர்க் கோயிலில் தேர்த் திருவிழா. லண்டனில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் தேருக்கு மேலே பூச்சொரிய ஹெலி ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருந்தார். கோயில் சபைத் தலைவர் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, எங்கடை ஊரிலை பிறந்த பைலட் நீர். ஹெலியிலை ஏறிப் பூவை நீர்தான் கொட்டவேணும்."

நான் வாய் திறக்குமுன் அத்தான் முந்திக்கொண்டார். "ஏன் மாட்டா? அவவுக்கு உது சைக்கிள் ஓடுற மாதிரி."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? ஓட்டப்போவது வேறொருவர், நான் பூக்கூடையோடு உட்கார்ந்தால் போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மனம் கேட்டது. உடம்பு கேட்கவில்லை. ஒழுங்கை மூலையில் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இரைந்தாலே நெஞ்சு அடித்தது.

தேரன்று காலை பள்ளிக்கூட மைதானத்தில் பூக்கூடைகளோடு நின்றோம். மைதானத்துக்கும் அக்கா வீட்டுக்கும் இடையில் ஒரு வேலிதான். அக்கா வரவில்லை. ஹெலிச் சத்தம் கேட்டால் இப்போதும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது அவவின் வழக்கம். தூரத்தில் அந்தச் சத்தம் மற்றவர்களுக்குக் கேட்குமுன் எனக்குக் கேட்டது.

மழை காணாத செம்மண். ஹெலி தாழ்ந்ததும் மண் முழுவதும் எழும்பியது. சனம் ஓவென்று கத்திப் பின்வாங்கியது. சபைத் தலைவர் என் முதுகைத் தள்ளி, "போம், போம்" என்றார். குனிந்தபடி சில அடி நடந்தேன். பிறகு எல்லாம் சிவப்பாகிவிட்டது. தரை இல்லை, மரம் இல்லை. மூச்சு உள்ளே போகவில்லை. நான் விழுகிறேன் என்று நினைத்தேன். உண்மையில் ஏற்கெனவே மண்ணில் குந்தியிருந்தேன். கைகள் தலையைப் பொத்தியிருந்தன. இனி எழும்பவே மாட்டேன் என்ற எண்ணம் ஒன்றுதான் இருந்தது.

யாரோ என் கையைப் பிடித்தார்கள்.

"எழும்படி. நான்தான். எழும்பு."

அக்கா. முந்தானையால் என் முகத்தை மூடி, இழுத்துக்கொண்டே போனா. ஹெலி நின்ற பக்கம் அவ திரும்பவேயில்லை. பின்னால் யாரோ, "பைலட்டுக்கு மயக்கம் வந்திட்டுதாம்" என்று சொல்வது கேட்டது. கடைசியில் பூக் கொட்டியது சபைத் தலைவரின் மருமகன். பாதி தேரில் விழுந்ததாம், பாதி மடப்பள்ளிக் கூரையில்.

கிணற்றடியில் அக்கா என் தலையில் தண்ணீர் வார்த்தா. செம்மண் காலடியில் ஓடியது.

"அக்கா, நீங்கள் எப்பிடி வந்தனீங்கள்?"

"சத்தம் கேட்டவுடனை உன்னைத்தான் நினைச்சன். உள்ளை போகக் கால் வரேல்லை." வாளியைக் கீழே வைத்தா. "உனக்கு எப்ப தொடக்கம் உந்தப் பயம்?"

அந்த வெள்ளைப் பனியைப் பற்றி முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன். நல்ல காதை என் பக்கம் திருப்பி, குறுக்கிடாமல் கேட்டா.

"டொக்டருக்குச் சொன்னனியோ?"

"சொன்னா நிப்பாட்டிப்போடுவினம். பிறகு ஏத்துவினமோ தெரியாது. இத்தினை வருஷமும் இதுக்குத்தானே படிச்சனான்?"

"நிப்பாட்டினா நிப்பாட்டட்டும். விட்டிட்டு வா. உயிரோடை இருந்தாக் காணும்."

"என்னாலை விடேலாது அக்கா."

அவவுக்குக் கோபம் வந்தது. வாளியைக் கிணற்றுக்குள் எறிந்தா. பிறகு கேட்டா: "உன்னோடை ஆர் ஆர் ஏறுறவை?"

"இன்னொரு பைலட். பின்னாலை ரெண்டு மூண்டு பேர். அதிலை ஒருத்தர் கயித்திலை தொங்கி இறங்கிறவர்."

"அவருக்குப் பிள்ளையள் இருக்கோ?"

"ஓம். சின்னப் பிள்ளையள்."

"நீ பயப்பிடுறது அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன். அதைச் சொல்லும்போது வந்த பயம் மைதானத்தில் வந்ததைவிடப் பெரியது. அந்த மனிதர் கயிற்றில் இறங்கும்போது ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார்.

பின்னேரம், கனடாவில் விடிந்திருக்கும் நேரம் பார்த்து, ஸ்குவாட்ரன் மருத்துவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா பக்கத்தில் நின்றா. எல்லாவற்றையும் கேட்ட மருத்துவர், "இப்போது பத்திரமாக இருக்கிறாயா?" என்று கேட்டார். பிறகு, "வந்ததும் என்னைப் பார். அதுவரை நீ பறக்கப்போவதில்லை" என்றார். நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

அடுத்த குளிர்காலம் முழுவதும் தரையில் இருந்தேன். காலநிலை பார்ப்பது, மற்றவர்களுக்குப் பறக்கும் நேரம் ஒழுங்கு செய்வது என்று மேசை வேலை. பயம் தொற்றிக்கொள்ளும் என்பதுபோலச் சிலர் என் மேசைப் பக்கம் வருவதைக் குறைத்தார்கள். ஒருநாள் கயிற்றில் இறங்குபவர் கோப்பியோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். கோப்பையைச் சுற்றிக்கொண்டே, "அந்த மருத்துவர் எப்படிப்பட்டவர்? நானும் போய்ப் பார்க்க வேண்டும்" என்று மெல்லிய குரலில் சொன்னார்.

மருத்துவரிடம் கிழமைதோறும் போனேன். ஹெலியின் முன்னறை போலவே செய்த பயிற்சி அறையில் உட்காரவைத்து அதே வெள்ளைப் பனியைத் திரையில் மறுபடி மறுபடி காட்டினார்கள். பனி உருகும் காலத்தில் திரும்ப ஏற விட்டார்கள், துணை விமானியாகத்தான். கப்டன் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இருக்கைப் பட்டியை இறுக்கும்போது இன்றைக்கும் கை வியர்க்கிறது. ஆனால் வெள்ளை எழும்பினால், "எனக்குத் தரை தெரியவில்லை" என்று உரக்கச் சொல்கிறேன். பக்கத்திலிருப்பவர் பிடியை வாங்கிக்கொள்கிறார்.

அக்கா இப்போது கேட்கிறா. "இண்டைக்கு ஏறுறியோ? ஆரோடை?" ஏறுகிறேன் என்று சொன்னால், நான் இறங்கிவிட்டேன் என்று செய்தி அனுப்பும்வரை அவ சாப்பிடுவதில்லை என்று அத்தான் சொல்கிறார். சாப்பிடச் சொல்லிப் பலமுறை சண்டை பிடித்துப் பார்த்தேன். அவ கேட்பதாயில்லை.