மாதிரி அறையின் கழிவறை

நாகலூர் சாலையில் ஜல்லி லாரி குறுக்கே நிற்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன். பக்கத்தில் சொகுசு விடுதி எழும்புகிறது. அறைக்கொரு கழிவறை என்று பலகை பீற்றிக்கொள்கிறது. கலவைச் சட்டி சுமக்கும் பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை.

"அவசரத்துக்கு எங்கேம்மா போவீங்க?" என்று ஒருத்தியிடம் கேட்கிறேன்.

"காப்பித் தோட்டத்துக்குத்தானுங்க. அங்க வாட்ச்மேன் தொரத்துறானுங்க. அதனால தண்ணியே குடிக்கறதில்லீங்க."

அப்போது முதலாளி விருந்தினர்களோடு காரில் வருகிறார். சாலையோரமிருக்கும் மாதிரி அறையைக் காட்டவேண்டுமாம். செருப்பைக் கழற்றச் சொல்கிறார். சன்னதி கெட்டது போங்கள். ஆனால் உள்ளே கழிவறைக் கதவு திறக்கவில்லை. தட்டுகிறார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது. பிறகு தலையில் சும்மாட்டோடு ஒரு சித்தாள் நிதானமாக வெளியே வருகிறாள்.

"யாரைக் கேட்டு உள்ள போன?"

"ஏனுங்க, இதுக்குமா கேக்கோணும்?"

உடனே பூட்டு வாங்கிவர மேஸ்திரிக்கு உத்தரவு பறக்கிறது. கழிவறை கட்டத் தோன்றாத மூளையில் பூட்டு மட்டும் எவ்வளவு சீக்கிரம் உதிக்கிறது!

அதைக் கேட்ட பெண்கள் சட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்துவிடுகிறார்கள். குழைத்த கலவை இறுகத் தொடங்குகிறது. அதைப் பார்த்துப் பார்த்து முதலாளிக்கு வியர்க்கிறது.

"சரி, பூட்டு வேண்டாம். போய்க்கோங்க" என்கிறார் கடைசியில். பிறகு, ஏதோ தானம் செய்துவிட்டவர்போல விருந்தினர்களைப் பார்த்துப் புன்னகைக்கிறார்.