ஏழாவது பாய்

காலி அறையின் நடுவே மல்லாந்து படுத்துக் கைகளை விரித்திருக்கிறார் குவாபாரா தோமோயே. காலுறை போட்ட பாதங்கள் ஒரு பக்கச் சுவரைத் தொடுகின்றன. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே திகைத்து நின்றுவிடுவார்கள். அவர் கூரையைப் பார்த்தபடியே, "வரைபடத்துல எல்லா வீடும் நல்லாத்தாங்க இருக்கும். காகிதத்துக்கு ஏது முதுகு?" என்பார்.

டோக்கியோவில் இருபத்தாறு வருடமாக வீட்டுத் தரகர். அளவுநாடா பையில் இருக்கிறது, வருகிறவர்களின் பிள்ளைகள் அழுதால் விளையாடக் கொடுப்பதற்கு. பிறந்தது தோயாமாவில், பதினோரு அறை வீட்டில். ஜப்பானில் அறையின் அளவைப் பாய்க்கணக்கில்தான் சொல்வார்கள்; இப்போது குடியிருப்பது நாலரைப் பாய் விரிகிற ஓர் அறையில். "அங்க அடுப்படியில இருந்து கத்தினாலும் வாசலுக்குக் கேக்காது. இங்க நான் மனசுல நினைச்சாலே பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்லுவார்." பெரிய வீடு பெரிய வாழ்வு என்று அவர் நம்புவதாகத் தெரியவில்லை, சின்னதே போதும் என்ற உபதேசமும் கிடையாது. மதியச் சோற்றுப் பொட்டலத்தை அடுத்தவர் குடிவரப்போகும் சமையலறையில் நின்றபடி தின்று முடிக்கும் பழக்கத்தை மட்டும் மெச்ச முடியாது.

போன மாதம் கியோட்டோவிலிருந்து நிஷிகாகி ஃபுமியே தன் கணவரோடு வந்தார். கணவருக்கு மாற்றல். இரண்டு பிள்ளைகளோடு நால்வரும் ஒரே அறையில் வரிசையாகப் படுத்துப் பழகிய குடும்பம். அப்படிப் படுக்க இடமில்லையென்றால் கணவர் மட்டும் தனியாக வந்து இருக்கட்டும் என்று ஃபுமியே முன்பே தீர்த்துச் சொல்லியிருந்தார்.

"அங்கயும் ஆறு பாய், இங்கயும் ஆறு பாய். அப்புறம் என்ன யோசனை?" என்று கணவர் ஒப்பந்தத்தில் பதிக்க முத்திரையை எடுத்துவிட்டார்.

தோமோயே வாயை மூடிக்கொண்டிருந்தால் தரகு கைக்கு வந்துவிடும். தரையில் கிடந்தபடியே சொன்னார்: "கியோட்டோப் பாய் பெரிசுங்க. உங்க ஊர் ஆறு, எங்க ஊர்ல ஏழு. நாலு படுக்கை விரிச்சா நாலாவது ஆள் சுவத்துல ஏறணும்."

ஃபுமியே கணவர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்கல்ல? சமைக்கப் பழகிக்குங்க."

"முட்டைகூட வேகவைக்கத் தெரியாதேம்மா எனக்கு!"

முத்திரை பைக்குள் போயிற்று.

தோமோயே எழுந்தார். பகலில் படுக்கைகளை மடித்து வைக்கும் சுவரலமாரியின் கதவைத் தள்ளினார். ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் சொடக்குப் போட, மேல்தட்டில் ஏறி நீட்டிப் படுத்தார்.

"கச்சிதமா ஒரு பாய். ஏழாவது இங்க ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு."

"படுக்கையெல்லாம் எங்க வைக்கிறதாம்?"

"கீழ்த்தட்டு எதுக்கு இருக்கு? மூத்த பிள்ளைக்கு என்ன வயசு?"

"எட்டு. ஊர்லயே அவ அலமாரிக்குள்ளதான் குடியிருக்கா. சாப்பாட்டுக்கு இழுத்துக்கிட்டு வரணும்."

ஃபுமியே கிட்டே வந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். தலையை உள்ளே விட்டு, ஈரவாடை அடிக்கிறதா என்று மூலையை முகர்ந்தார்.

"இறங்குங்க, குவாபாரா சான். அது எம்பொண்ணு இடம்."

தோமோயே இறங்கினார். தான் படுத்திருந்த இடத்தைச் சட்டைக் கையால் துடைத்தார். பிறகு ஃபுமியேவைப் பார்த்து, ஏறிப் படுங்கள் என்பதுபோல், பலகையை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார்.