மூலை மேஜையில் காத்திருந்தவர்

இது நடந்தது. என் பக்கத்து வீட்டுக்காரிக்கு நடந்தது. அவளுக்குக் கதை கட்டத் தெரியாது. ஆனாலும் மனசு கேட்காமல், அன்று ஓட்டலில் அவள் மேஜைக்குப் பரிமாறிய சர்வரையும் தேடிப் பிடித்துத் தனியாக விசாரித்தேன். இருவர் சொன்னதும் அப்படியே ஒத்துப்போனது. அதற்குப் பிறகு அந்த ஓட்டல் இருக்கும் தெருப்பக்கமே நான் போவதில்லை.

அவள் கணவன் டைல்ஸ் மேஸ்திரி. அவனுடைய அண்ணன் காண்ட்ராக்டர். அண்ணன் எடுக்கும் கட்டடங்களில் எல்லாம் தம்பிதான் தரை போடுவான். ஒரு பழைய ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தை இடித்துப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஒருநாள் அவன் வீடு திரும்பவில்லை. மறுநாள் அவன் போனிலிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. என்னைத் தேடாதே, எனக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்று.

அண்ணன்தான் ஓடிவந்து ஆறுதல் சொன்னார். "இப்படிப் பண்ணுவான்னு நெனைக்கலம்மா" என்று அவள் எதிரிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். போலீஸுக்குப் போனால் உனக்குத்தான் அசிங்கம் என்றார். அவள் போகவில்லை. அழுது ஓய்ந்தபின் வெறுக்கத் தொடங்கினாள். அவன் சட்டைகளை எல்லாம் பழைய துணிக்காரரிடம் தூக்கிக் கொடுத்தாள். ஆறு வயது மகள் 'அப்பா' என்று வாயெடுத்தால் முறைப்பாள். போகப் போகக் குழந்தை கேட்பதையே விட்டுவிட்டது.

இப்படியே எட்டு மாதம். ஓட்டல் திறந்த வாரம், முதலாளி அண்ணனைக் குடும்பத்தோடு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அண்ணனுக்குப் போக இஷ்டமில்லை. அவர் மனைவி விடவில்லை. வீட்டிலேயே அடைந்து கிடக்கிற கொழுந்தன் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

குழந்தை பள்ளிக்கூடத்தில். பெரியவர்கள் மூன்று பேர் மட்டும் போனார்கள்.

கூடம் பளபளவென்று இருந்தது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. சில நாற்காலிக் கால்களில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அண்ணன் வாசலை ஒட்டிய மேஜையில் உட்காரப் போனார். சர்வர் வந்து தடுத்தார்.

"சார், உங்க டேபிள் அந்த மூலைல. உங்க ஆள் ஒருத்தர் முன்னாடியே வந்து உக்காந்துட்டார்."

"யாரு?"

"பேர் சொல்லல சார். அண்ணன் வருவார்னு மட்டும் சொன்னார்."

மூலை மேஜையில் யாரும் இல்லை. கை கழுவப் போயிருப்பார் என்றார் சர்வர். நாலு தட்டுகள் வைத்திருந்தார்கள். நாலாவது நாற்காலி மட்டும் பின்னால் இழுபட்டு நின்றது. அதற்கு முன்னால், வெள்ளை விரிப்பின் மேல், ஐந்து விரலும் பதிந்த சாம்பல் நிறக் கறை. அண்ணன் மனைவி, அவளுடைய ஓரகத்தி, தொட்டுப் பார்த்தாள். ஈர சிமெண்ட்.

"உங்க ஆளுங்க இன்னும் வேலைய முடிக்கல போல" என்று கணவரைக் கிண்டல் செய்தாள். அவர் சிரிக்கவில்லை.

மணி ஒன்று பத்து. சூப் வந்தது. நாலு கிண்ணம்.

மூணு போதும் என்றார் அண்ணன். சர்வர் தயங்கினார். "அவர்தான் சார் கேட்டார். ரொம்பப் பசிக்குதுன்னு."

அவள் ஒரு வாய் குடித்தாள். பல்லில் மணல் நெறுநெறுத்தது. ஓரகத்தி அதே சூப்பை ருசித்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம்...

டொக்... டொக்.

தரைக்கு அடியிலிருந்து. நாலாவது நாற்காலிக்கு நேர் கீழே.

டொக்... டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

டைல்ஸ் ஒட்டியபின் அடியில் பொள்ளலாக வெற்றிடம் இருக்கிறதா என்று ரப்பர் சுத்தியலால் அவன் தட்டிப் பார்க்கும் தட்டு அது. வேலை விட்டு வந்தால் வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவான்.

சுற்றிப் பார்த்தாள். அடுத்த மேஜையில் சிரிப்பும் பேச்சுமாக இருந்தார்கள். ஓரகத்தி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். யாரும் திரும்பவில்லை. பிரமை என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"பைப்புதான்" என்றார் அண்ணன்.

ஓரகத்தி நிமிர்ந்தாள். "என்ன பைப்பு?"

"சத்தம். தண்ணி பைப்பு."

"எந்தச் சத்தம்? ஒண்ணும் கேக்கலையே."

அண்ணனின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் மெல்ல அவரைப் பார்த்தாள்.

"மாமா... உங்களுக்கும் கேக்குதா?"

டொக்... டொக்... டொக்.

அவர் எழுந்தார். கண்ணாடி டம்ளர் உருண்டு உடைந்தது. வாசலைப் பார்த்து நடந்தார். பிறகு ஓடினார்.

அவள் மேஜைக்கு அடியில் புகுந்தாள். தரையில் காதை வைத்தாள். ஐஸாகக் குளிர்ந்தது. விரலை மடக்கித் தட்டினாள்.

ஒரு கணம் ஒன்றுமில்லை.

பிறகு...

டொக்டொக்டொக்டொக்டொக்...

அவசரமாக.

கெஞ்சுவது போல.

சட்டென்று நின்றது.

அவள் எழவில்லை. முதலாளி வந்து சமாதானம் சொன்னார், அதட்டினார். "இங்க தோண்டுங்க. எம் புருஷன் இங்கதான் இருக்கார்" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு பேச்சு வரவில்லை. கணவர் விட்டுப்போன நாற்காலியைப் பார்த்த ஓரகத்திதான் போனை எடுத்துப் போலீஸைக் கூப்பிட்டாள்.

சாயங்காலம் தரையை அறுத்தார்கள். அடியில் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. உள்ளே அவன் இருந்தான். வேலை உடுப்போடு. ரப்பர் சுத்தியல் கையிலேயே இருந்தது.

காத்திருந்த ஆள் எப்படி இருந்தார் என்று சர்வரைக் கேட்டேன். தலையெல்லாம் சாம்பல் தூசி, இடுப்பு வரை ஈரம் என்றார். அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார்.

எல்லாம் சொல்லி முடித்தபின் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "மாமா என்னை ஏமாத்தினதுகூடப் போகட்டும். என் கையாலயே அவர வீட்ட விட்டுத் துரத்த வெச்சிட்டாரே."

அண்ணன் போலீஸில் சொன்னதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. மூடுவதற்கு முன் தொட்டியைப் பார்க்க இறங்கிய தம்பி, ஏணி சறுக்கி விழுந்தான். கூப்பிட்டும் பதில் இல்லை. செத்துவிட்டான் என்று நினைத்தார். வெளியே தெரிந்தால் வேலை நின்றுபோகும், அடுத்து வரவிருந்த மாடி வேலைகளும் கைநழுவும். மூடியை இழுத்துப் போட்டார். தம்பி மேலே கழற்றி வைத்திருந்த போனிலிருந்து அந்தச் செய்தியை அனுப்பியதும் அவர்தான். இவ்வளவையும் அவள் முன்பே ஊகித்திருந்தாள்.

ஊகிக்காதது ஒன்று இருந்தது.

மறுநாள் காலை, கான்கிரீட் போடும் முன், அடியில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று ஆட்கள் சொன்னார்கள். பைப்பு என்று சொல்லி அவர்களை டீ குடிக்க அனுப்பினார். தனியாகக் குனிந்து, சாவிக்கொத்தால் மூடியை ஒரே ஒரு முறை தட்டிப் பார்த்தார்.

உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது. வேகவேகமாக. கூடவே ஒரு குரலும்.

"அண்ணா... வந்துட்டியா?"

அவர் எழுந்து போய், ஆட்களைக் கூப்பிட்டு, மெஷினை ஓடவிட்டுக் கலவையைக் கொட்டச் சொன்னார்.