நான் கேட்ட கறுப்புப் பட்டை

சுவரும் தரையும் சேருகிற இடத்தில் நாலு அங்குல உயரத்துக்கு ஒரு பட்டை ஒட்டுவார்களே, ஸ்கர்ட்டிங், அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அப்போது எங்கள் நாகலாபுரத்தில் யாரும் இல்லை. குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் வருஷக்கணக்காக அதைத்தான் துடைத்தேன், முட்டி போட்டு, அறை அறையாக. வெள்ளைப் பட்டை. மாப் தண்ணீர் பட்ட இடமெல்லாம் பழுப்பாகக் கோடு விழும். மேடம் விரலால் தடவிப் பார்ப்பாள்.

அப்பா விட்டுப்போன மனையில் தம்பி வீடு கட்ட ஆரம்பித்தான். என்னைக் கட்டினவன் கைவிட்டுப் போய் வெகுகாலம். எனக்கும் அதுதான் வீடு என்று நம்பித்தான் என் சம்பளத்தையெல்லாம் அதில் போட்டேன். லீவில் வந்தபோது அவனோடு திருப்பதிக்கு டைல்ஸ் பார்க்கப் போனேன். தரைக்கு எது, வாசலுக்கு எது, எதிலும் நான் வாய் திறக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். ஸ்கர்ட்டிங் மட்டும் குப்பம் ஊர்ப் பக்கம் வெட்டுகிற கறுப்பு கிரானைட் கல்லாக இருக்கட்டும், அழுக்குத் தெரியாது.

"இன்னாக்கா, கீழ போயி எவன் பாக்கப் போறான்?" என்று தம்பி சிரித்தான்.

"தொடைக்கிறவ பாப்பாடா."

"சரிக்கா, நீ சொன்னா சரி."

அந்தச் சரியை நம்பி விமானம் ஏறினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ரெண்டு வருஷம் கழித்து, முட்டி தேய்ந்துபோய், ஒரேயடியாகத் திரும்பி வந்தேன். கிரகப்பிரவேசம் எப்போதோ முடிந்திருந்தது. போட்டோ அனுப்பியிருந்தார்கள். அதில் முகங்கள்தான் இருந்தன, சுவரின் அடி தெரியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றியதும் என் கண் கீழேதான் போனது. ஹாலில் வெள்ளை. ரெண்டு படுக்கையறையிலும் வெள்ளை.

"நான் கேட்டது இன்னாடா ஆச்சு?"

தம்பி கொஞ்சமும் தடுமாறவில்லை. "மறப்பனாக்கா? வா," என்று சமையலறையைத் தாண்டிக் கூட்டிப்போனான். அரிசி மூட்டையும் காலி சிலிண்டரும் கிடந்த சின்ன அறை. ஜன்னல் கிடையாது. ஒரு ஓரத்தில் கட்டில். நாலு சுவரின் அடியிலும் பளபளவென்று கறுப்புப் பட்டை.

"உன் ரூமுக்கு நீ கேட்டதையே போட்டுக்கீறேன்."

அவன் முகத்தில் பெருமை வேறு. நான் அங்கே வியர்த்து வேலை செய்துகொண்டிருந்தபோதே இங்கே என் இடத்தை அளந்து முடித்துவிட்டான். எத்தனை அடி என்று மேஸ்திரிக்குக்கூடத் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

தம்பி பெண்டாட்டிக்கு இடுப்பு வலி. குனிய முடியாது. "அக்காவுக்குதான் இந்த வேல சுத்தமா வருது," என்று பக்கத்து வீட்டில் சொல்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் ஹாலில் ஆரம்பித்து எல்லா வெள்ளையையும் முட்டி போட்டுத் துடைக்கிறேன். என் அறையில் இருப்பதை மட்டும் இதுவரை ஒருமுறைகூடத் துடைத்ததில்லை. நான் பார்த்துத் தேர்ந்தெடுத்த கல். அழுக்குத் தெரியவே இல்லை.